ஈரலின் மணிக்கூடு: நேரம் மாறிய உணவும் புற்றுநோயும்

பயந்துபோன ஒருவர் "ஈரக்கொல நடுங்கிப் போச்சு" என்று சொல்வது எங்கட ஊர்ப் பேச்சில் சாதாரணம். பயத்தையும் தைரியத்தையும் கொண்டுபோய் ஈரலில் வைத்த நம் முன்னோருக்கு, அந்த உறுப்புக்கு நேரம் பார்க்கவும் தெரியும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன. ஈரலின் கலங்களுக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. மூளையின் மணிக்கூட்டோடு அது ஒத்துப்போகும்வரை, அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. இரண்டும் நீண்ட காலம் முரண்பட்டு ஓடினால் என்ன நடக்கும்? ஆய்வுகூடச் சுண்டெலிகளில் அது கொழுப்பு ஈரலில் தொடங்கிப் புற்றுநோய்வரை போயிருக்கிறது.

இதை நம் வாசகர்களுக்காக எழுத நினைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஈரல் வருத்தம் என்றால் குடிகாரர்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. "நாங்கதான் குடிக்கிறதில்லையே, பிறகென்ன?" என்று கேட்கும் படித்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் அவர்களில் 32.6 சதவீதத்தினரிடம் இருந்தது. ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒருவர். இலங்கையில் ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ் தொற்றுகள் குறைவு. ஆகவே இங்கு ஈரல் புற்றுநோயோடு வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த வைரஸ்கள் இல்லாதவர்களே. குடிக்காதவர் ஈரலைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்பது இந்த நாட்டில் செல்லாத கதை.

இரண்டாவது காரணம் நோன்பு. ஒவ்வொரு ரமழானிலும் "நோன்பு பிடித்தால் புற்றுநோய் வராது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்றொரு செய்தி கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. அதற்குப் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது வேறு, நாம் பரப்புவது வேறு. ஈரலின் மணிக்கூடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வேறுபாடு விளங்கும்.

செடியில் தொடங்கிய கதை

1729இல் ஜோன் ஜாக் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரிய ஒளியே படாத போதிலும், பகல் வேளையில் அதன் இலைகள் விரிந்தன, இரவில் சுருங்கின. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் செடி நேரம் அறிகிறது என்றால், வெளிச்சம் இல்லாத இடத்தில் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டு சென்றது. 1971இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களை ஆராய்ந்தார்கள். நம் வீட்டில் பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்ன ஈ. அவற்றில் மூன்று வகை விகாரங்களைக் கண்டார்கள். ஒரு வகை ஈக்கு நாள் 19 மணித்தியாலம். இன்னொன்றுக்கு 28 மணித்தியாலம். மூன்றாவதற்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே பரம்பரையலகில் இருந்தது. அதற்குப் 'பீரியட்' என்று பெயரிட்டார்கள். நாம் பேச்சில் ஜீன் என்கிறோமே, அதுதான் பரம்பரையலகு. நேரத்தைக் கணக்கிடும் ஆற்றலும் தோலின் நிறத்தைப் போல, கண்ணின் நிறத்தைப் போலப் பரம்பரையாக எழுதப்பட்டது என்பது அன்று பலருக்கு நம்பமுடியாத விடயமாக இருந்தது.

1984இல் ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகியோர் இந்தப் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது. ஈயில் கண்ட அதே அமைப்பு, சிறு மாற்றங்களோடு, சுண்டெலியிலும் மனிதரிலும் இருக்கிறது.

ஹவ்ளின் மிதவை

அந்த அமைப்பை விளங்கிக்கொள்ள நம் பள்ளிவாசல் ஹவ்ளை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் திறந்திருக்கும்போது தண்ணீர் நிறையும். தண்ணீர் ஏற ஏற மிதவைக் குண்டும் மேலே வரும். ஒரு மட்டத்தில் அதுவே குழாயை மூடிவிடும். வுழூச் செய்யச் செய்யத் தண்ணீர் இறங்கும், குண்டும் இறங்கும், குழாய் திரும்பவும் திறக்கும். ஆள் யாரும் நின்று பார்க்க வேண்டியதில்லை.

கலத்தின் கருவுக்குள் 'கிளொக்', 'பிமால்1' என்ற இரு புரதங்கள் சோடி சேர்ந்து நிற்கின்றன. இவைதான் குழாயைத் திறப்பவை. இவை 'பெர்', 'கிரை' என்ற பரம்பரையலகுகளை இயங்கச் செய்கின்றன. அவற்றிலிருந்து பெர், கிரை புரதங்கள் உருவாகி, கலத்தில் சேர்ந்து, குறித்த அளவு வந்ததும் கருவுக்குள் திரும்பிப் போய், தம்மை உண்டாக்கிய சோடியின் வேலையையே நிறுத்துகின்றன. மிதவை குழாயை மூடிவிட்டது. பிறகு இப்புரதங்கள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. தடை நீங்கியதும் சோடி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம். நாளும் பொழுதும் இது நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சோடி பெர், கிரை ஆகியவற்றை மாத்திரம் இயக்குவதில்லை என்பதே. அதே கையால் வேறு நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளையும் திறந்து மூடுகிறது. நேரம் காட்டுவதோடு இந்த மணிக்கூட்டின் வேலை முடிவதில்லை. கலத்தில் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்ற அட்டவணையும் அதன் கையில்தான்.

ஒரே வீட்டில் இரண்டு பிறை

உடலின் தலைமை மணிக்கூடு மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட சிறு திரள் அது. கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு வெளியுலக நேரத்தோடு தன்னைச் சரிசெய்து, ஓமோன்கள், நரம்புகள், உடல் வெப்பம் மூலமாக மற்ற உறுப்புகளுக்கு அறிவிக்கிறது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானிக்கப்பட்டு நாடு முழுக்க அறிவிக்கப்படுவது போல.

இப்படித்தான் எல்லாம் நடக்கிறது என்று நீண்டகாலம் எண்ணியிருந்தார்கள். ஜெனீவாவில் உவேலி ஷிப்லரின் ஆய்வுகூடம் அந்தப் படத்தை மாற்றியது. மூளையிலிருந்து பிரித்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த சாதாரண கலங்களும் தாமாகவே 24 மணித்தியாலத் தாளத்தில் இயங்க முடியும் என்று 1998இல் அவர்கள் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. சுண்டெலி இரவில் நடமாடி இரவில் தின்னும் பிராணி. அதற்குப் பகலில் மாத்திரம் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சமும் இருளும் முன்போலவே இருந்தபடியால் மூளையின் மணிக்கூடு அசையவில்லை. ஈரலின் மணிக்கூடோ தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளைக்கு நடுப்பகல், ஈரலுக்கு நள்ளிரவு.

மூளை வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்கிறது. ஈரல் சாப்பாட்டைப் பார்த்து நேரம் சொல்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு வசனத்தை மாத்திரம் நினைவில் வைக்க விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளலாம். வழமையான வாழ்க்கையில் வெளிச்சமும் உணவும் ஒன்றாக வருவதால் சிக்கல் இல்லை. நள்ளிரவுக்குப் பின் கொத்துரொட்டி தின்று, பகல் முழுக்க உறங்கினால், ஒரே வீட்டில் ஒருவர் உள்நாட்டுப் பிறைக்கும் மற்றவர் சர்வதேசப் பிறைக்கும் பெருநாள் எடுப்பது போலாகிவிடும். வீட்டில் அதைச் சமாளிக்கலாம். உடலுக்குள் அது அவ்வளவு இலேசல்ல.

ஈரலின் அட்டவணை

ஈரலுக்கு ஏன் இவ்வளவு நேரக்கட்டுப்பாடு? சாப்பிட்டவுடன் வரும் சீனியைச் சேமிப்பதும் அதுதான். உண்ணாதிருக்கும் நேரத்தில் சேமித்ததை இரத்தத்துக்கு விடுவதும் அதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது வீண். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களை உண்டாக்குவது, மருந்தையும் நஞ்சையும் முறித்து வெளியேற்றுவது, கொலஸ்ட்ரோல் தயாரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. சிம்வஸ்டடின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையை இரவில் குடிக்கச் சொல்வது இதனால்தான்: ஈரல் கொலஸ்ட்ரோலைக் கூடுதலாகத் தயாரிப்பது இரவில், அந்தக் குளிசையின் வேகமோ சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும்.

ஜோன் ஹோகனெஷ் குழுவினர் சுண்டெலியின் பன்னிரண்டு உறுப்புகளை எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எந்தெந்தப் பரம்பரையலகு இயங்குகிறது என்று கணக்கிட்டு 2014இல் வெளியிட்டார்கள். புரதம் உண்டாக்கும் பரம்பரையலகுகளில் 43 சதவீதம் ஏதாவதோர் உறுப்பில் நாளாந்தத் தாளத்தோடு ஏறி இறங்கின. அவற்றில் முதலிடம் ஈரலுக்கு.

புற்றுநோயோடு நேரடியாகத் தொடர்புபடும் இரண்டு வேலைகளை மாத்திரம் சொல்கிறேன். ஒன்று கலப்பிரிவு. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினாலும் மிச்சம் வளர்ந்து இடத்தை நிரப்பும். ஜப்பானின் ஹிதோஷி ஒகமுரா குழுவினர் சுண்டெலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கி, அது வளர்வதைப் பார்த்தார்கள். கலங்கள் நினைத்த நேரத்தில் பிரியவில்லை. மணிக்கூடு கதவைத் திறக்கும் வேளைக்காகக் காத்திருந்தன. அந்தக் கதவின் பூட்டு 'வீ1' என்ற நொதியம். அதை நேரப்படி ஏற்றி இறக்குவது கிளொக்–பிமால்1 சோடி. இது 2003இல் வெளியானது. புற்றுநோய் என்பதே கலங்கள் கட்டுமீறிப் பிரிவதுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

மற்றது பழுதுபார்த்தல். நம் கலங்களின் டிஎன்ஏ இழைகள் நாளாந்தம் சேதமடைகின்றன, நாளாந்தம் திருத்தப்படுகின்றன. அந்தத் திருத்தத்தின் வழிகளை வரைந்து காட்டியவர்களில் ஒருவர் அஸீஸ் சன்ஜார். துருக்கியின் மார்தின் மாகாணத்தில் சவூர் என்ற சிற்றூரில் பிறந்து, இஸ்தான்புல்லில் வைத்தியம் படித்து, பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். 2015ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவரும் ஒருவர். மணிக்கூட்டின் கிரை புரதத்தைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளும் இவருடையவை. திருத்தப் பணிக்கு அவசியமான 'எக்ஸ்பிஏ' என்ற புரதம் சுண்டெலியின் ஈரலில் நாளின் ஒரு வேளையில் கூடி, இன்னொரு வேளையில் குறைகிறது என்று இவரது குழு காட்டியது. திருத்துபவருக்கும் வேலை நேரம் உண்டு.

ஹூஸ்டன் சுண்டெலிகள்

இந்த அட்டவணை குலைந்தால் புற்றுநோய் வருமா என்று நேரடியாகக் கேட்டது ஹூஸ்டன் நகரின் பெய்லர் மருத்துவக் கல்லூரி. லோனிங் ஃபூ, டேவிட் மூர் ஆகியோரின் அந்த ஆய்வு 2016இல் வெளியானது. எந்தப் பரம்பரைக் குறையும் இல்லாத சாதாரண சுண்டெலிகளை எடுத்தார்கள். கொழுப்பேற்றிய உணவு இல்லை, நஞ்சு இல்லை, வைரஸ் இல்லை. வெளிச்சம் எரியும் நேரத்தை மாத்திரம் வாரந்தோறும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாரத்துக்கொருமுறை கண்டம் விட்டுக் கண்டம் பறப்பவரின் நிலை அது. இப்படி ஏறத்தாழ இரண்டு வருடங்கள்.

சுண்டெலிகள் பருத்தன. ஈரலில் கொழுப்பு படிந்தது, பிறகு அழற்சி, பிறகு தழும்பு, கடைசியில் அவற்றில் ஒரு பகுதிக்கு ஈரல் புற்றுநோய். பருமனான மனிதரில் கொழுப்பு ஈரல் புற்றுநோயாக மாறும் அதே படிகள், அதே வரிசை.

இடையில் நடந்ததையும் அவர்கள் தேடிப் பார்த்தார்கள். மணிக்கூடு குழம்பியதும் பித்த அமிலங்கள் நேரத்துக்குக் கட்டுப்படாமல் தேங்கின. பித்த அமிலத்தை உணர்ந்து அதன் உற்பத்தியைக் குறைக்கும் ஒரு வாங்கிப் புரதம் ஈரலில் உண்டு. அதை நீக்கிய சுண்டெலிகளுக்குப் புற்றுநோய் கூடியது. கலங்களைப் பிரியத் தூண்டும் இன்னொரு வாங்கி உண்டு. அதை நீக்கியபோது புற்றுநோய் குறைந்தது. அதாவது, குழம்பிய நேரத்துக்கும் கட்டிக்கும் இடையில் உள்ள சங்கிலியின் சில வளையங்களைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த ஆய்வு முக்கியமானது.

ஆனால் கதை இவ்வளவு நேரானதல்ல. மணிக்கூடு எப்போதும் காவலாளியாகவே இருப்பதில்லை. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் கே குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே உருவாகிவிட்ட ஈரல் புற்றுநோய்க் கலங்கள் கிளொக், பிமால்1 ஆகியவற்றைத் தம் வளர்ச்சிக்கே பயன்படுத்துவதைக் கண்டார்கள். அவற்றை அடக்கியபோது புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதை நிறுத்தி மடிந்தன. கள்வன் வீட்டுக்குள் புகுந்த பின் காவலாளியின் திறப்பைத் தானே எடுத்துக்கொள்வது போல. ஆகவே "மணிக்கூட்டைப் பலப்படுத்தும் மருந்து" என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நோய் வருமுன் நல்லதாக இருப்பது வந்த பின்னும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மனிதரில் என்ன தெரியும்?

சுண்டெலி மனிதனல்ல. மனிதரில் உள்ள சான்றுகள் இதைவிட மங்கலானவை.

தாய்வானில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, ஈரல் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் கட்டியையும் அதையொட்டிய நல்ல பகுதியையும் ஒப்பிட்டது. கட்டியில் பெர் வகைகளும் கிரை2 உம் குறைவாக இயங்கின. இது மணிக்கூடு குலைந்ததால் கட்டி வந்ததா, கட்டி வந்ததால் மணிக்கூடு குலைந்ததா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னோர் ஆய்வை விளக்க எங்கட நாட்டு அனுபவமொன்று உதவும். 1996இல் இலங்கையின் மணிக்கூடுகளை முன்தள்ளியதும், 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் பலருக்கு ஞாபகமிருக்கும். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கலியாணக் கார்ட்டைப் பார்த்துக்கூடக் கேட்ட காலம். சுவரில் உள்ள மணிக்கூடு மாறியது, சூரியன் மாறவில்லை, தொழுகை நேரம் சூரியனோடுதான் நின்றது. அமெரிக்காவில் ஒரே நேர வலயத்துக்குள் இந்த இடைவெளி எப்போதும் இருக்கிறது. வலயத்தின் மேற்கு ஓரத்தில் சூரியன் தாமதமாக உதிக்கும். பாடசாலை மணியும் அலுவலக மணியும் கிழக்கு ஓரத்தோடு ஒன்றாகவே அடிக்கும். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஈரல் புற்றுநோயாளரின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, வலயத்துக்குள் மேற்கே ஒவ்வொரு 5 பாகைக்கும் இந்நோய் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. சிறிய வேறுபாடுதான். வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கலாம். என்றாலும் சுண்டெலிக் கதை மனிதருக்குச் சம்பந்தமே இல்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை அது சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல், உடலின் தாளத்தைக் குலைக்கும் மாறுவேளைப் பணியை "மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" எனக் கருதப்படும் 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019இல் மீளாய்வு செய்து இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது. மனிதரில் அவர்கள் எடுத்துக்காட்டிய சான்று மார்பு, புரொஸ்டேட், பெருங்குடல் புற்றுநோய்களைப் பற்றியது. ஈரல் அந்தப் பட்டியலில் இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொன்னது முழுமையாகும்.

நோன்பும் நோன்பு இரவுகளும்

இப்போது அந்தக் கைப்பேசிச் செய்திக்கு வருவோம். அதே பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஈரல் வைத்தியரான ஆயிஷே மிந்திகோலு 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சுகதேகிகளான 14 பேர் ரமழானின் 30 நாட்களும் நோன்பு நோற்றனர். நாளொன்றுக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல். நோன்புக்கு முன்னும் இறுதி வாரத்திலும் பின்னும் அவர்களின் இரத்தத்தில் உள்ள புரதங்களை அளந்தார்கள். கட்டியைத் தடுப்பவை, டிஎன்ஏயைத் திருத்துபவை, உடல் மணிக்கூட்டோடு தொடர்புடையவை என அறியப்பட்ட சில புரதங்கள் கூடியிருந்தன. கட்டிக்குத் துணைபோகும் சில குறைந்திருந்தன.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பதினான்கு பேர். நோன்பு பிடிக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. அளந்தது புரதங்களை, யாருக்குப் புற்றுநோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை அல்ல. அந்த ஆய்வாளர்களும் "நோன்பு புற்றுநோயைத் தடுக்கும்" என்று நிரூபித்ததாகச் சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம். நோன்பு அல்லாஹ்வுக்காக நோற்கப்படுவது. அதற்கு ஆய்வுகூடத்தின் சான்றிதழ் தேவையில்லை. பொய்யாகக் கூட்டிச் சொன்ன சான்றிதழ் நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் கிழிந்துவிடும். அதோடு கேட்பவரின் நம்பிக்கையும் கிழிந்துவிடக் கூடும். மார்க்கத்துக்குச் செய்யும் சேவையாக நினைத்து இதைப் பரப்புபவர்கள் இந்த ஆபத்தை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சுபஹிலிருந்து மஃரிப் வரை உண்ணாமலிருப்பது நோன்பு. மஃரிபிலிருந்து சுபஹு வரை நாம் செய்வது நோன்பல்ல. அது நம் பழக்கம். ரியாத் மன்னர் சவூத் பல்கலைக்கழகத்தில் தூக்கத்தைப் பற்றி ஆராயும் அஹ்மத் பாஹம்மாம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர். தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்திச் செய்த அவரது ஆய்வுகளில், இரவில் சுரக்கும் மெலட்டோனின் ஓமோனின் தாளத்தை நோன்பு மாத்திரம் குலைக்கவில்லை. குலைப்பது விடிய விடிய விழித்திருப்பதும் பகலை உறங்கிக் கழிப்பதும்தான்.

எங்கட ஊர்களிலும் இது தெரிந்த காட்சி. நோன்பு திறந்து கஞ்சியும் சமோசாவும்; தராவீஹ் முடிந்து இன்னொரு சாப்பாடு; பிறகு வெளிச்சம் போட்டுக் கிரிக்கெட், கெரம்; ஒரு மணிக்குக் கொத்துக்கடை; ஸஹர்; சுபஹு தொழுதுவிட்டு ளுஹர்வரை தூக்கம். இப்படி ஒரு மாதம் கழித்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று யாரையும் பயமுறுத்த நான் தயாரில்லை. ஹூஸ்டன் சுண்டெலிகளுக்கு நேரம் குழம்பியது அவற்றின் ஆயுளில் பெரும்பகுதி. ஆனால் பல இளைஞர்களுக்கு ரமழான் முடிந்த பின்னும் இந்த அட்டவணை முடிவதில்லை. கைப்பேசியும் இரவுக்கடையும் பன்னிரண்டு மாதமும் இருக்கின்றன.

இலங்கையில் நோன்பு எந்தப் பருவத்தில் வந்தாலும் ஏறத்தாழ 13 முதல் 14 மணித்தியாலம். இரவும் பகலும் கிட்டத்தட்டச் சமமான நாடு. நோன்பு திறப்பதை விரைவுபடுத்தி ஸஹரைப் பிற்படுத்துவது ஸுன்னத். அதன்படி பார்த்தால் ஒரு சாப்பாடு பகலின் முடிவோடும், மற்றது அடுத்த பகலின் தொடக்கத்தோடும் ஒட்டி நிற்கின்றன. நடு இரவு காலியாக இருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் நாம் அறிந்ததே. இவை ஈரலின் பரம்பரையலகைச் சொல்ல வந்தவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மேலே குறை கூறிய அதே வேலையை நானும் செய்தவனாவேன். நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே ஈரலுக்குச் சங்கடம் குறையும் என்று மாத்திரம் சொல்கிறேன்.

இரவில் உழைப்பவர்களுக்கு

இரவில் விழித்திருப்பவர்கள் எல்லோரும் விரும்பி விழித்திருப்பதில்லை. ஆழ்கடலுக்குப் போகும் மீனவர், ஆஸ்பத்திரித் தாதி, லொறி ஓட்டுபவர், பேக்கரியில் மாப் பிசைபவர், வளைகுடா நாட்டில் இரவுக் காவல் காக்கும் நம் பிள்ளைகள். "நேரத்துக்குத் தூங்குங்க" என்று இவர்களிடம் சொல்வது பயனற்ற புத்திமதி.

இவர்களுக்கு உதவக்கூடிய ஓர் ஆய்வு 2021இல் பொஸ்டன் நகரிலிருந்து வந்தது. சாரா செல்லப்பா, ஃபிராங்க் ஷியர் ஆகியோர் 19 சுகதேகிகளை ஆய்வுகூடத்தில் தங்கவைத்து, இரவுப் பணி போன்ற நிலையை உண்டாக்கினார்கள். ஒரு பகுதியினர் இரவிலும் சாப்பிட்டார்கள்; மற்றவர்கள் பகலில் மாத்திரம் சாப்பிட்டார்கள். விழித்திருந்தது இருவகையினரும் ஒரே மாதிரித்தான். இரவில் சாப்பிட்டவர்களின் இரத்தச் சீனி சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மாத்திரம் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. இதுவும் சிறிய ஆய்வுதான். அளந்தது சீனியை, புற்றுநோயை அல்ல. ஆனால் ஈரல் சாப்பாட்டைப் பார்த்து நேரம் அறிகிறது என்ற ஜெனீவா முடிவோடு அது பொருந்துகிறது.

தூக்கத்தை மாற்ற முடியாதவர் சாப்பாட்டு நேரத்தையாவது ஓரளவு மாற்றலாம். வேலைக்குப் போகுமுன் பிரதான உணவை முடித்துக்கொண்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் தேநீரோடு நிறுத்திக்கொள்வது பலருக்கு இயலும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரம் இதை வைத்தியரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. வெறும் வயிற்றில் சீனி திடீரென இறங்கினால் அது உடனடி ஆபத்து. உடல் பருத்தவர்களும் சீனி, கொலஸ்ட்ரோல் உள்ளவர்களும், குடிப்பழக்கம் இல்லையென்று இருந்துவிடாமல், வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்து ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்பத்தில் கண்டால், எடையைக் குறைத்தே பெரும்பாலானோர் அதிலிருந்து மீளலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரவு வேலை முடித்து விடியற்காலையில் வருபவருக்கு அன்பால் அள்ளிப் போடும் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அறையை இருட்டாக்கி, பிள்ளைகளைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு, அவர் எழுந்த பிறகு பகற்சாப்பாட்டை நிறைவாகக் கொடுக்கலாம். செலவில்லாத காரியம். ஈரலுக்கு அது விளங்கும்.